வானம் இரகசியமான காலம்

மழையையும் காற்றையும் தமக்கே உரியவை என்று எவரும் சொல்லிக்கொள்ள இயலாது. அரண்மனையின் மீதும் குடிசையின் மீதும் ஒரே மழைதான் பெய்கிறது. பருவங்களைப் பாடிய புலவர்க்கு வானம் என்றுமே பொதுச்சொத்தாக இருந்துவந்திருக்கிறது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்போர்களின்போது இப்பொதுச்சொத்து அரசுகளின் இரும்புப்பெட்டிக்குள் சென்று சேர்ந்தது. நாளை மழை வருமா என்பதைச் செய்தித்தாளில் அச்சிடுவது தடைசெய்யப்பட்டது. காற்றழுத்தமானி காட்டிய ஓர் எண், படையின் எண்ணிக்கைக்கு நிகரான இரகசியமாகக் காக்கப்பட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதே அரிது என்பர். முழு வானத்தையும் மறைக்க அரசுகள் முற்பட்டது எதனால்? அம்மறைப்பால் பயனடைந்தோர் யாவர், இழந்தோர் யாவர்? வரலாற்றில் இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர், வெற்றிக் கதைகளையும் அவற்றின் நிழலில் கிடக்கும் துயரக் கதைகளையும் சேர்த்தே காண வேண்டியவராகின்றனர்.

பொதுநலனில் பிறந்த கலை

வானிலை முன்னறிவிப்பு என்னும் துறை தோன்றியதிலேயே போருக்குப் பங்குண்டு. கிரிமியப் போரின்போது, 1854ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், பாலக்லாவா துறைமுகத்திற்கு வெளியே நின்ற நேசநாட்டுக் கப்பல்களைக் கடும் புயல் ஒன்று தாக்கியது. படைவீரர்க்குக் குளிர்கால உடைகளைச் சுமந்துவந்த பிரிட்டிஷ் கப்பலும் பிரெஞ்சுப் போர்க்கப்பலும் அதில் அழிந்தன. இதனை ஆராயுமாறு பணிக்கப்பட்ட பிரெஞ்சு வானியலறிஞர் லெவெரியே, அப்புயல் ஐரோப்பாவைக் கடந்தே கருங்கடலை அடைந்தது என்பதைக் கண்டறிந்தார். மேற்கிலிருந்து ஒரு தந்தி முந்திச் சென்றிருப்பின் கப்பல்களுக்கு எச்சரிக்கை கிடைத்திருக்கும்.

இங்கிலாந்தில் இப்பணியை மேற்கொண்டவர் இராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவராக இருந்தவர் இவரே. 1859ஆம் ஆண்டு ‘ராயல் சார்ட்டர்’ என்னும் கப்பல் புயலில் சிக்கி நானூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைச் சின்னங்களை ஏற்றும் முறையை அவர் 1861இல் நடைமுறைப்படுத்தினார். அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் ‘தி டைம்ஸ்’ இதழில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு வெளியாயிற்று. மீனவரும் மாலுமியரும் உயிர்பிழைக்க வேண்டும் என்ற நோக்கமே இக்கலையை வளர்த்தது. நாடுகள் தத்தம் வானிலைக் குறிப்புகளைத் தந்தி வழியே பரிமாறிக்கொண்டன. எல்லைகளை மதியாத காற்றைப் பின்தொடர எல்லை கடந்த நட்பு தேவைப்பட்டது.

மேற்கே இருப்பவன் கையில் நாளை

1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது அந்த நட்பு அறுந்தது. நடுநிலை வகித்த நார்வே நாட்டிற்கு மேற்கிலிருந்து வரவேண்டிய வானிலைத் தந்திகள் நின்றுபோயின. லைப்சிக்கிலிருந்து 1917இல் பெர்கன் நகருக்கு வந்த இயற்பியலறிஞர் வில்ஹெல்ம் பியர்க்னெஸ், அக்குறையை ஈடுசெய்ய நார்வேயின் மேற்குக் கரை முழுவதும் நெருக்கமாகக் கண்காணிப்பு நிலையங்களை ஏற்படுத்தினார். அந்நிலையங்கள் அனுப்பிய குறிப்புகளிலிருந்து, குளிர்காற்றுத் திரளும் வெப்பக்காற்றுத் திரளும் மோதும் எல்லைக்கோட்டை அவருடைய மகன் யாக்கப் பியர்க்னெசும் தோழர்களும் கண்டறிந்தனர். அக்கோட்டிற்கு அவர்கள் வைத்த பெயர் ‘முனை’. படைகள் எதிரெதிர் நிற்கும் போர்முனையிலிருந்து எடுத்த சொல் அது. இன்றும் வானிலை வரைபடங்களில் குளிர்முனை, வெப்பமுனை என்று வழங்கும்போது, அப்போரின் பதுங்குகுழிகள் அச்சொல்லுக்குள் உறைந்திருப்பதைப் பலர் அறியார்.

போரில் வானிலை இரகசியமாவதற்கு அடிப்படைக் காரணம் ஒன்றுண்டு. ஐரோப்பாவை ஒத்த நடுக்கோட்டுப் பகுதிகளில் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது. அயர்லாந்தில் இன்று இறங்கும் அழுத்தம் ஓரிரு நாட்களில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் மழையாகலாம். எனவே அட்லாண்டிக் கடலில் கண்ணுள்ளவனுக்கே ஐரோப்பாவின் நாளை தெரியும். குண்டுவீச்சு விமானத்திற்குத் தெளிந்த வானம் வேண்டும். வான்குடை வீரர்க்கு நிலவும் தாழாத மேகமும் வேண்டும். கரையிறங்கும் படைக்கு அடங்கிய அலை வேண்டும். எதிரிக்கு இவை தெரியுமானால் தாக்குதல் நாளும் தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் இதனினும் நுட்பமானது. குறிப்பிட்ட ஒரு கடற்கரையின் குறிப்பிட்ட ஒரு நாளுக்கு முன்னறிவிப்புக் கேட்பதே திட்டத்தை வெளியிடுவதாகும். கேள்வியைக் கேட்டமாத்திரத்தில் வானிலையாளர் இரகசியத்தின் பங்காளி ஆகிவிடுகிறார். ஆகவே அவர் நம்பத்தக்கவர்தாமா என்று அரசு ஆராய வேண்டியதாகிறது.

சொல்லுக்கு விழுந்த தடை

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியவுடன் பிரிட்டிஷ் வானொலியில் வானிலை அறிவிப்பு நின்றது. 1945 வரை அது மீளவில்லை. கப்பல்கள் தாம் இருக்கும் இடம் வெளிப்பட்டுவிடும் என்றஞ்சி வானொலியில் வாய்திறவாதிருந்தன. அமெரிக்காவில் 1942 ஜனவரியில் தணிக்கை அலுவலகம் இதழ்களுக்கும் வானொலிக்கும் நெறிமுறைகளை வகுத்தது. அவற்றில் வானிலைக்குத் தனியிடம் இருந்தது. மழையால் பேஸ்பால் ஆட்டம் தடைபட்டால், ஏன் தடைபட்டது என்று நேர்முக வருணனையாளர் சொல்லலாகாது. மழை என்ற எளிய சொல் நாவிலேயே நின்றது. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட்டும் இத்தடைக்கு விலக்கல்லர். 1942இல் தம் நாளிதழ்ப் பத்தியில் தாம் பயணம் செய்த ஊர்களின் வானிலையைக் குறிப்பிட்டதற்காகக் கடுமையான கடிதம் ஒன்று தமக்கு வந்ததை அவரே பின்னர் எழுதினார்.

ஜப்பானில் தடை இன்னும் முழுமையாக இருந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள், போர் தொடங்கிய அன்றே, வானிலைக் குறிப்புகள் அனைத்தும் படையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. வானொலியிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் வானிலை மறைந்தது.

அதற்குச் சில நாட்கள் முன்புவரை ஜப்பானிய வானிலை அறிவிப்புக்கு வேறொரு பணி வகுக்கப்பட்டிருந்தது என்பதும் நோக்கத்தக்கது. பிற நாடுகளுடன் தொடர்பு அறுந்தால், வெளிநாட்டிலுள்ள தூதரகங்கள் தம் சங்கேத நூல்களை அழிக்க ஏதுவாக, வானொலியின் வானிலை அறிவிப்பிலேயே மறைமொழி ஒன்றைக் கலந்து ஒலிபரப்புவது என்று 1941 நவம்பரில் தோக்கியோ தூதரகங்களுக்கு அறிவித்தது. ‘கிழக்குக் காற்று, மழை’ என்றால் அமெரிக்க உறவு முறிகிறது. ‘வடக்குக் காற்று, மேகமூட்டம்’ என்றால் சோவியத் உறவு. ‘மேற்குக் காற்று, தெளிவு’ என்றால் பிரிட்டிஷ் உறவு. இவ்வேற்பாட்டை அமெரிக்கர் இடைமறித்துப் படித்தனர். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு முன் அம்மறைமொழி உண்மையில் ஒலிபரப்பப்பட்டதா என்பது பின்னர் விசாரணைக் குழுக்களில் நெடிது விவாதிக்கப்பட்டது. மூன்று சொல்லில் அடங்கும் ஒரு வானிலைக் குறிப்பு போரின் அறிவிப்பாகக் கருதப்பட்ட காலம் அது.

மறைத்ததே காட்டிக்கொடுத்தது

அட்லாண்டிக் வானிலையை அறிய இயலாத ஜெர்மனி பலவாறு முயன்றது. வட அட்லாண்டிக்கில் மீன்பிடிக் கப்பல்களை வானிலைக் கப்பல்களாக மாற்றி நிறுத்தியது. அவை நாள்தோறும் வானிலையை ‘எனிக்மா’ என்னும் சங்கேதப் பொறியால் மறைத்து அனுப்பின. பெரும்படை காக்கும் இரகசியமே இச்சிறு கப்பல்களிலும் காவலின்றி மிதக்கிறது என்பதை பிளெட்ச்லி பூங்காவில் சங்கேத ஆய்வில் ஈடுபட்டிருந்த இளைஞர் ஹாரி ஹின்ஸ்லி உணர்ந்தார். அவர் எடுத்துரைத்தபடி 1941 மே மாதம் ‘மியூன்சென்’ என்னும் கப்பலும், ஜூன் மாதம் ‘லாவன்பர்க்’ என்னும் கப்பலும் பிடிக்கப்பட்டன. எனிக்மாவின் மாத அமைப்புகள் பிரிட்டிஷார் கைக்கு வந்தன.

1942 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நான்கு சக்கரப் பொறிக்கு மாறியபோது பிளெட்ச்லி பூங்கா மீண்டும் பார்வையிழந்தது. அவ்விருள் பத்து மாதம் நீடித்தது. அக்டோபர் 30ஆம் நாள் கிழக்கு மத்தியதரைக் கடலில் ‘யு-559’ என்னும் நீர்மூழ்கி தாக்கப்பட்டு மூழ்கிக்கொண்டிருந்தது. ‘பெட்டார்ட்’ என்னும் போர்க்கப்பலைச் சேர்ந்த டோனி ஃபாசன், காலின் கிரேசியர் ஆகிய இருவரும் அதனுள் இறங்கி ஏடுகளை எடுத்து மேலே கொடுத்தனர். உடன் சென்ற பதினாறு வயது உணவக உதவியாளர் டாமி பிரவுன் உயிர்தப்பினார். ஏனைய இருவரும் நீர்மூழ்கியோடு கடலுக்குள் சென்றனர்.

அவர்கள் எடுத்துக்கொடுத்தவற்றுள் முதன்மையானது வானிலைச் சுருக்கக் குறி நூல். நீர்மூழ்கி அனுப்பும் வானிலைக் குறிப்பு சில எழுத்துகளாகச் சுருக்கப்பட்டுப் பின் எனிக்மாவால் மறைக்கப்படும். கரையிலுள்ள நிலையம் அதனைப் பெற்று, பிற குறிப்புகளோடு சேர்த்து வேறோர் எளிய சங்கேதத்தில் மீண்டும் ஒலிபரப்பும். அந்த எளிய சங்கேதத்தை பிரிட்டிஷார் முன்பே படித்துவந்தனர். ஆகவே செய்தியின் பொருள் தெரிந்தது. சுருக்கக் குறி நூல் கிடைத்தபின் அதன் எழுத்துருவும் தெரிந்தது. பூட்டையும் திறவுகோலையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுபோல் இரண்டையும் ஒப்பிட்டு டிசம்பர் 13ஆம் நாள் நீர்மூழ்கிச் சங்கேதத்தை உடைத்தனர். காற்றின் திசையும் கடலின் வெப்பமும் ஒவ்வொரு நாளும் ஒரே வடிவில் சொல்லப்பட வேண்டியவை. அந்த மாறா வடிவமே மறைவைக் கிழித்தது.

ஜெர்மனியர் சோர்ந்துவிடவில்லை. 1943 அக்டோபர் 22ஆம் நாள் ‘யு-537’ என்னும் நீர்மூழ்கி கனடாவின் லாப்ரடார் கரையில் தானியங்கி வானிலை நிலையம் ஒன்றை நிறுவிவிட்டுச் சென்றது. ஐயம் எழாதிருக்க அதன்மீது கனடிய வானிலைத் துறையின் பெயரைப் போன்ற ஒரு பெயரைப் பொறித்திருந்தனர். சிறிது காலமே அது இயங்கியது. ஆனால் அதனை இன்னதென அறிந்தது 1981இல்தான். இப்போது ஒட்டாவாவிலுள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளில் வானிலை நோக்கிய பதினொரு ஜெர்மனியர், தம் நாடு தோற்ற செய்தியை அறிந்தும் அழைத்துச்செல்ல எவருமின்றி, 1945 செப்டம்பரில் நார்வேயின் சீல்வேட்டைக் கப்பலொன்றிடம் சரணடைந்தனர். ஐரோப்பியப் போரில் இறுதியாக ஆயுதம் வைத்த ஜெர்மன் குழு இவ்வானிலைக் குழுவே.

கலங்கரை விளக்கத்திலிருந்து ஓர் எண்

வானிலை இரகசியத்தின் உச்சம் 1944 ஜூன். நார்மண்டிக் கரையில் இறங்க நேசப்படைகள் குறித்திருந்த நாள் ஜூன் 5. இடமும் நாளும் அறிந்தோர் பெயர்கள் ‘பிகட்’ என்னும் சிறப்புப் பட்டியலில் இருந்தன. அப்பட்டியலில் இடம்பெறாதவர் எத்தகைய உயர்பதவி வகித்தாலும் அவ்வேடுகளைத் தொட முடியாது. தலைமைத் தளபதி ஐசன்ஹோவருக்கு வானிலை உரைத்தவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் ஸ்டாக். அவருக்குப் பின்னால் மூன்று குழுக்கள் தொலைபேசியில் வாதிட்டுக்கொண்டிருந்தன. பழைய ஆண்டுகளின் வரைபடங்களை ஒப்புநோக்கிய அமெரிக்கக் குழு ஜூன் 5க்கு நம்பிக்கை தந்தது. பெர்கன் மரபில் பயின்ற நார்வேயர் ஸ்வெர்ரே பெட்டர்சன் புயல் வரும் என்றார்.

அவ்வாதத்தின் நடுவே வந்த குறிப்புகளுள் ஒன்று அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பிளாக்சாட் முனையிலிருந்து வந்தது. அயர்லாந்து போரில் நடுநிலை வகித்த நாடு. எனினும் தன் வானிலைக் குறிப்புகளை பிரிட்டனுக்கு அமைதியாக அனுப்பிவந்தது. அங்கே அஞ்சலகப் பணியாளர் மோரீன் ஃபிளாவின் என்ற பெண்மணி ஜூன் 3 அதிகாலையில் காற்றழுத்தம் விரைந்து இறங்குவதைக் குறித்தனுப்பினார். அன்று அவருக்கு இருபத்தொன்றாம் பிறந்தநாள். சற்று நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. குறிப்பைச் சரிபார்த்து மீண்டும் சொல்லுமாறு ஓர் ஆங்கிலக் குரல் கேட்டது. அவரும், பின்னாளில் அவருடைய கணவரான கலங்கரை விளக்கக் காவலர் டெட் ஸ்வீனியும் சரிபார்த்து அதே எண்ணை மீண்டும் சொன்னார்கள்.

ஜூன் 4 அதிகாலை படையெடுப்பு ஒரு நாள் ஒத்திவைக்கப்பட்டது. அன்றிரவே ஸ்டாக், இரு புயல்களுக்கு இடையே சிறிது அமைதி உண்டென்று உரைத்தார். ஜூன் 6 காலையில் படைகள் கரையேறின. மேற்கே கண்ணில்லாத ஜெர்மனியர் அச்சிறு இடைவெளியைக் காணவில்லை. இத்தகைய வானிலையில் எவரும் வாரார் என்று எண்ணித் தளபதி ரொம்மெல் தம் மனைவியின் பிறந்தநாளுக்காக ஊர் சென்றிருந்தார். அடுத்து அலைப்பெருக்கு ஒத்துவரும் நாட்கள் ஜூன் 18 முதல் 20 வரை. அந்நாட்களில் வீசிய கடும்புயல் ஒமஹா கரையில் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகத்தையே சிதைத்தது.

தாம் அனுப்பிய எண் எதற்குப் பயன்பட்டது என்பதை மோரீன் அறிந்தது 1956இல். நூறு வயது வாழ்ந்து 2023 டிசம்பரில் மறைந்தார். வரலாற்றைத் திருப்பிய ஓர் எண்ணைச் சொன்னவருக்கே அதன் பொருள் பன்னிரண்டு ஆண்டுகள் மறைக்கப்பட்டிருந்தது.

நம்பத்தக்கவர் யார்?

இரகசியம் அறியத் தக்கவர் இவர் என்று அரசு வழங்கும் ஒப்புதலே பாதுகாப்பு அனுமதி எனப்படும். அது அறிவை அளப்பதில்லை. பிறப்பையும் உறவையும் நட்பையும் எடைபோடுகிறது. இதன் விளைவை கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் காணலாம். அதன் இயக்குநர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், கடலறிவில் அக்காலத்தே முன்னணியில் நின்ற நார்வேயர். அவருடைய மாணவர் வால்ட்டர் மங்க், வியன்னாவில் பிறந்தவர். கரையிறங்கும் படகுகள் உயர்ந்த அலையில் கவிழ்வதைக் கண்ட மங்க், வட ஆப்பிரிக்கக் கரையில் அலைகள் அடங்கியிருக்கும் நாளை முன்கூட்டியே கணிக்க வேண்டும் என்றெண்ணித் தம் ஆசிரியரை நாடினார். தொலைவிலே வீசும் காற்றின் வேகம், அது வீசும் பரப்பு, வீசும் காலம் ஆகியவற்றிலிருந்து கரையை அடையும் அலையின் உயரத்தைக் கணிக்கும் முறையை இருவரும் வகுத்தனர். வட ஆப்பிரிக்கா முதல் நார்மண்டி வரை அம்முறை பயன்பட்டது.

அத்தகைய ஸ்வெர்ட்ரப்புக்குப் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டது. ஜெர்மனியின் பிடியிலிருந்த நார்வேயில் அவருக்கு உறவினர் உண்டு என்பதே அவருக்குச் சொல்லப்பட்ட காரணம். உடன் பணியாற்றிய சிலர் எழுப்பிய ஐயங்களும் அதன் பின்னணியில் இருந்ததைப் பிற்காலத்தில் வெளியான அரசு ஆவணங்கள் காட்டின. மங்கும் ஒரு காலம் அதே தடைக்கு ஆளானார். கடலை அறிந்தவர்கள் வாயிலுக்கு வெளியே நிற்க, அவர்கள் கண்ட முறையை வைத்துக் கடல்கடந்து செல்வதற்கான திட்டங்கள் உள்ளே தீட்டப்பட்டன. அதே நார்வேயில் பிறந்த பெட்டர்சன் இங்கிலாந்தில் இரகசியத்தின் நடுவிலேயே அமர்ந்திருந்தார் என்பதையும் ஒப்புநோக்கினால், நம்பிக்கை என்பது எவ்வளவு தற்செயலாக வழங்கப்பட்டது என்பது விளங்கும்.

கரையோரத்தார் கொடுத்த விலை

எதிரிக்கு மறைத்த வானம் சொந்த மக்களுக்கும் மறைந்துபோயிற்று. 1942 ஆகஸ்ட் 27ஆம் நாள் இரவு மேற்கு ஜப்பானை ஒரு சூறாவளி தாக்கியது. சுவோ கடற்பகுதியில் எழுந்த பேரலை யாமாகுச்சிக் கரையை மூழ்கடித்தது. வானிலைக் கட்டுப்பாட்டால் மக்களுக்குப் போதிய எச்சரிக்கை எட்டவில்லை. மாண்டோரும் காணாமற்போனோரும் 1,158 பேர்.

1943 ஜூலை 27ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையை ஒரு புயல் அடைந்தது. மெக்சிக்கோ வளைகுடாவில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் உலவியதால் கப்பல்கள் வானொலியில் பேசவில்லை. தணிக்கையால் எச்சரிக்கையும் தாமதப்பட்டது. பத்தொன்பது பேர் இறந்தனர். அதே நாளில் ஜோசப் டக்வொர்த் என்னும் விமானி முதன்முறையாக வேண்டுமென்றே புயலின் கண்ணுக்குள் விமானத்தைச் செலுத்தித் திரும்பினார். புயலை உள்ளே சென்று காணும் துணிவு பிறந்த நாளும், புயலை வெளியே சொல்லாமையின் தீங்கு தெரிந்த நாளும் ஒன்றாயின.

இந்தியாவின் கதை இன்னும் கொடியது. 1942 அக்டோபர் 16ஆம் நாள் வங்காளத்தின் மேதினிப்பூர்க் கரையைப் புயலும் கடற்பெருக்கும் தாக்கின. பஞ்ச விசாரணைக் குழுவின் கணக்குப்படி மாண்டோர் 14,500 பேர். மடிந்த கால்நடைகள் 1,90,000. ஜப்பானியர் கைக்கு எட்டக்கூடாதென்று அரசு ஏற்கெனவே கரையோரத்துப் படகுகளை அகற்றியிருந்தது. அம்மாவட்டம் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின் களமாகவும் இருந்தது. எதிரிக்குத் தெரியலாகாதென்ற காரணத்தால் இப்பேரழிவின் செய்தி ஏறத்தாழ இரு வாரங்கள் இதழ்களில் வரவில்லை. பிணங்கள் வயல்களில் கிடக்க, கல்கத்தா அதனை அறியாதிருந்தது. அடுத்த ஆண்டு வங்காளத்தை விழுங்கிய பஞ்சத்திற்கு வித்திட்ட காரணங்களுள் அப்புயலும் ஒன்று.

போர் முடிந்தும் அதன் நிழல் நீங்கவில்லை. ஜப்பானிய வானொலியில் வானிலை அறிவிப்பு மீண்டது 1945 ஆகஸ்ட் 22ஆம் நாள். ஆனால் நிலையங்களும் தந்திக் கம்பிகளும் சிதைந்திருந்தன. செப்டம்பர் 17ஆம் நாள் மக்குரசாக்கிச் சூறாவளி கரை கடந்தது. ஆறு வாரம் முன்பு அணுகுண்டால் எரிந்த ஹிரோஷிமா பகுதியில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வெள்ளத்திலும் மண்சரிவிலும் மாண்டனர்.

மீண்டும் பொதுவான வானம்

1950இல் உலக வானிலை அமைப்பு உருவாயிற்று. 1963இல் உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைமை பாராட்டிய காலத்திலும் வானிலைக் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டன. மறைவு முற்றும் ஒழிந்துவிடவில்லை. உளவுக் கோள்கள் மேகத்தைப் படமெடுத்துப் படச்சுருளை வீணாக்காதிருக்க, மேகத்தைக் காண்பதற்கென்றே அமெரிக்கப் படை 1962 முதல் தனிக் கோள்களை அனுப்பியது. அவை உள்ளன என்பதையே 1973இல்தான் ஒப்புக்கொண்டது. 1995இல் உலக வானிலை அமைப்பு தன் நாற்பதாம் தீர்மானத்தால் அடிப்படைக் குறிப்புகளைக் கட்டணமின்றியும் தடையின்றியும் பகிர்வதை உறுதிசெய்தது.

வானிலையை மறைத்தவர்கள் வீண்காரணத்தால் மறைத்தவர்கள் அல்லர். நார்மண்டியில் அம்மறைவு பல்லாயிரம் உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் படையெடுப்பின் நாளை மறைப்பதும், வரும் புயலை மீனவனுக்கு மறைப்பதும் ஒரே ஆணையின்கீழ் நடந்தன. முன்னதற்கு ஒரு நாளின் எல்லை இருந்தது. பின்னதற்கு எல்லை வகுக்க எவரும் முன்வரவில்லை. யாமாகுச்சியிலும் மேதினிப்பூரிலும் மாண்டோர் எந்தப் படையின் இரகசியத்தையும் அறிய விழைந்தவர்கள் அல்லர். இன்றிரவு கடல் பெருகுமா என்பதை மட்டுமே அவர்கள் அறிய வேண்டியிருந்தது. அதனைச் சொல்லும் கடமைக்காகவே ஃபிட்ஸ்ராய் துறைமுகந்தோறும் சின்னங்களை ஏற்றினார். எந்த அரசும் தன் குடிகளுக்கு முதலில் திருப்பித்தர வேண்டிய இரகசியம் அதுவே.